விளக்கு அணையும் ஆழம்

சேலத்தில் சித்திரை மாதம் இரண்டு பேர் தெருவில் சந்தித்தால் பேச்சு ஒரே வாக்கியத்தில்தான் தொடங்கும்: "இந்த மாதிரி வெயில நான் பாத்ததே இல்ல." போன சித்திரையிலும் அதே ஆட்கள் அதே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்துத் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். பத்துப் பேர் சேர்ந்து ஒன்றைச் சொன்னால் அதை உண்மை என்று எடுத்துக்கொள்வதும் தப்பு, பொய் என்று தள்ளுவதும் தப்பு, நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அங்கே கற்றது. அதற்கு ஸ்தல விசாரணை என்று பெயர். பெரும்பாலான ஸ்தல விசாரணைகளை மேசையை விட்டு எழாமலே முடித்துவிடுவோம் என்பது வேறு விஷயம்.

வெயிலை எங்கே போய் விசாரிப்பது? காற்றில் கரியமில வாயு கூடிவிட்டது, அதனால்தான் பூமி சூடாகிறது என்று தொலைக்காட்சியில் தினமும் சொல்கிறார்கள். சொல்லட்டும். இதை முதன்முதலில் சொன்னவர் யார், எதை வைத்துச் சொன்னார் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. எந்த அரசு உத்தரவை எடுத்தாலும் மேலே 'பார்வை' என்று போட்டு முந்தைய கடிதங்களைக் குறித்திருப்பார்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பின்னால் போனால் கடைசியில் யாரோ ஒருவர் கைப்பட எழுதிய ஒரு தாளில் போய் நிற்கும். அந்த ஒரு தாளிலிருந்துதான் மற்ற எல்லாம் கிளம்பியிருக்கும். வேலையில் இருந்தபோது எனக்குப் பிடித்த ஒரே காரியம் அந்தத் தாளைத் தேடுவதுதான்.

இந்த விஷயத்தில் தேடிப் போனபோது ஒரு பெண்மணியிடம் போய் நின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் இருந்தவர். இரண்டு கண்ணாடிக் குழாய்கள், சில வெப்பமானிகள், காற்றை இறைக்கும் ஒரு பம்பு. இவ்வளவுதான் அவருடைய சாமான். ஒரு குழாயில் சாதாரணக் காற்று, மற்றதில் கரியமில வாயு. இரண்டையும் வெயிலில் வைத்துப் பார்த்தார். வாயு இருந்த குழாய் அதிகம் சூடானது. நிழலுக்குக் கொண்டுவந்த பிறகும் வெகுநேரம் ஆறாமல் இருந்தது. அதிலிருந்து அவர் ஒன்றை எழுதினார்: என்றைக்காவது பூமியின் காற்றில் இந்த வாயு இப்போதைவிட அதிகமாக இருந்திருந்தால், அன்றைக்குப் பூமியும் இதைவிடச் சூடாக இருந்திருக்கும்.

அந்தக் கட்டுரை விஞ்ஞானிகள் சபையில் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் ஓர் ஆண். பெண்மணியின் சாதனையை நாலு வார்த்தை பாராட்டிவிட்டு வாசித்தாராம். படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. குறிப்பு எழுதுவது ஒருவர், கையெழுத்துப் போடுவது இன்னொருவர் என்பது என் பணிக்காலம் முழுவதும் நடந்ததுதான். என்ன, எங்கள் அலுவலகத்தில் அந்த நாலு வார்த்தைப் பாராட்டும் கிடையாது.

நானே செய்து பார்த்தால் என்ன? இரண்டு பாட்டில், இரண்டு வெப்பமானி போதும். என்னிடம் மொட்டை மாடி இருந்தது. வெயில் இருந்தது, அதற்குக் குறைவே இல்லை. வீட்டில் நான் ஒருத்தி. ஏன் என்று கேட்க ஆளில்லை.

முதலில் சமையல் சோடாவில் வினிகர் ஊற்றி வாயு எடுத்துப் பார்த்தேன். பாட்டிலின் உட்புறம் முழுக்க வியர்த்துவிட்டது. அந்தப் பாட்டில் கொஞ்சம் கூடுதலாகச் சூடானது உண்மை. ஆனால் சூடானது வாயுவாலா ஈரத்தாலா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்தப் பெண்மணியே ஈரக் காற்றைத் தனியாகவும் வறண்ட காற்றைத் தனியாகவும் வைத்துப் பார்த்து, ஈரக் காற்றும் கூடுதலாகச் சூடாகும் என்று எழுதியிருந்தார். ஆக வறண்ட வாயு வேண்டும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் சோடா கம்பெனி வைத்திருக்கும் பாயை எனக்குப் பணிக்காலத்திலிருந்தே தெரியும். அங்கே போனேன்.

என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். "வாங்க மேடம். லைசென்ஸ் எல்லாம் போன மாசமே புதுப்பிச்சாச்சு."

"நான் ரிட்டயர் ஆகிப் பல வருஷமாச்சு, பாய்."

"அப்படீங்களா?" என்று நிம்மதியாகி, துண்டால் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "அப்ப உக்காருங்க."

"சோடாவுக்கு அடிக்கறீங்களே, அந்த கேஸ் கொஞ்சம் வேணும்."

"சோடா இல்லாம வெறும் கேஸா?"

"ஆமா. வெறும் கேஸ்."

"எதுக்குங்க மேடம்?"

"பாட்டில்ல புடிச்சு வெயில்ல வெச்சுப் பாக்கறதுக்கு."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "அம்மாவுக்கு ஒரு பன்னீர் சோடா கொண்டாப்பா, நல்லா ஜில்லுன்னு," என்றார். என்னிடம் தணிந்த குரலில், "வெயில் ஜாஸ்திங்க மேடம். வெளிய அலையாதீங்க," என்றார்.

பன்னீர் சோடாவைக் குடித்துவிட்டு, பெரிய பலூன் ஒன்றில் வாயுவையும் வாங்கிக்கொண்டுதான் வந்தேன். ஆட்டோக்காரர் பலூனைப் பார்த்துப் பேரப்பிள்ளைக்குப் பிறந்த நாளா என்றார். ஆமாம் என்றேன். எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த முறை சோதனை ஒழுங்காக நடந்தது. வாயு பாட்டில் மற்றதைவிட இரண்டு கோடு மேலே ஏறி நின்றது. பாட்டில்களை இடம் மாற்றி வைத்தேன், அப்போதும் அப்படியே. நிழலுக்குக் கொண்டுவந்ததும் காற்று பாட்டில் சீக்கிரம் இறங்கிவிட்டது. வாயு பாட்டில் சாவகாசமாக, தனக்கு யாரும் அவசரம் சொல்லவில்லை என்பதுபோல இறங்கியது. நான் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் வெறும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளை அக்கம்பக்கத்தார் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் வந்தது. வந்து, போய்விட்டது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்றைக்கே என் சோதனைக்கு நானே ஆட்சேபணையும் எழுதிக்கொண்டேன். அந்தப் பெண்மணிக்குச் சில வருஷம் கழித்து, லண்டனில் ஒருவர் இதையே இன்னும் நுட்பமாகச் செய்திருக்கிறார். நீளமான ஒரு பித்தளைக் குழாய். அதன் இரண்டு முனைகளிலும் கண்ணாடி இல்லை, உப்புப் படிகத்தைத் தகடாக அறுத்துச் சன்னல்போலப் பொருத்தியிருந்தார். ஏன் உப்பு? கண்ணாடி வெளிச்சத்தை விட்டுவிடும், ஆனால் சூடான பொருளிலிருந்து வரும் வெப்பத்தை மறித்துக்கொள்ளும். உப்பு இரண்டையும் விட்டுவிடும். இப்படிக் குழாய்க்குள் இருக்கும் வாயு தனியாக என்ன செய்கிறது என்று அவர் பார்த்தார். கரியமில வாயுவுக்கு வெளிச்சத்தோடு எந்தத் தகராறும் இல்லை; தாராளமாக விட்டுவிடுகிறது. வெப்பத்தைத்தான் பிடித்து வைத்துக்கொள்கிறது. பூமிக்கும் அதுதான் கதை. வெயிலாக வரும்போது சோதனைச் சாவடியில் யாரும் தடுப்பதில்லை, சூடாகத் திரும்பிப் போகும்போதுதான் வழிமறிப்பு. என் பாட்டில் கண்ணாடி. ஆகவே என் முடிவு மேல்முறையீட்டில் நிற்காது. எனக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் குடும்பத்து மேட்டுக்காட்டு நிலத்தை வைத்துக்கொண்டு, அதிலேயே முட்டைக்கோழிப் பண்ணையும் நடத்துகிறவன். என்னைவிட ஆறு வயது சின்னவன். அவனுக்கும் இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. அவன் மனைவியிடம் நான் சோதனையைப் பற்றிச் சொல்லியிருந்தேன்.

"ஏக்கா, மாடில பாட்டல் காய வெச்சுட்டு உக்காந்திருக்கறயாமா? ஊறுகா வியாபாரமா?"

"கரியமில வாயுடா. சூட்டைப் புடிச்சு வெக்குதான்னு பாத்தேன். வெக்குது."

"அதுக்கு ஏன் காசு குடுத்து வாங்கறே? நம்ம மேக்கால பழைய கெணத்துல வேணுங்கற மட்டும் கெடக்குது. அந்தக் கெணத்துல கெட்ட காத்துன்னு அப்பா எறங்கவே உடமாட்டாரே, நாபகமில்ல? நாளைக்கு நானே எறங்கறேன். உனக்கு ஒரு பாட்டல் மோந்துட்டு வாரேன்."

"நீ எதுக்கு எறங்கறே?"

விஷயம் இதுதான். பண்ணையில் இருந்த ஆழ்துளைக் கிணறு மாசியிலேயே வற்றிவிட்டது. கோழிகள் வெயிலைத் தாங்க வேண்டுமானால் குடிதண்ணீர் ஒரு வேளைகூட நிற்கக் கூடாது. நின்றால் கொத்துக் கொத்தாகச் சரியும். பல வருஷமாகத் தகரம் போட்டு மூடிவைத்திருந்த பழைய கிணற்றில் தண்ணீர் கொஞ்சம் தெரிந்ததால், தகரத்தை ஒரு மூலையில் நெம்பி, நீர்மூழ்கி மோட்டாரைக் கயிற்றில் கட்டி இறக்கியிருக்கிறான். கயிறு அறுந்து மோட்டார் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. கிணறு வேலை பார்க்கும் ஆட்கள் அடுத்த வாரம்தான் வருவார்களாம். டேங்கர் லாரித் தண்ணீர் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. ஆகவே தானே இறங்கி மோட்டாரில் கயிறு மாட்டிவிட்டு வந்துவிடுவதாகத் திட்டம்.

எனக்குக் கிணற்று வாயு வேண்டும் என்ற ஆசை ஒரு பக்கம். அவன் சொன்ன தோரணை பிடிக்காதது ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து மறுநாள் விடிந்ததும் என்னை நாமக்கல் பஸ்ஸில் ஏற்றின. பையில் இரண்டு பாட்டில், ரப்பர் மூடி, சணல் கயிறு. அங்கிருந்து இன்னொரு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது தம்பி கிணற்று மேட்டில் டிராக்டரை நிறுத்தி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றான். தகரத்தை முழுவதும் எடுத்துவிட்டிருந்தார்கள். சதுரமாக வெட்டிய கிணறு. மேலே கொஞ்சம் கற்கட்டு, அதற்குக் கீழே வெறும் பாறை. பாதிக்குக் கீழே பாறை இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. அதற்கும் கீழே கறுப்பாகத் தண்ணீர். உள்ளே விழுந்த தென்னை மட்டைகளும் சருகும் ஓரங்களில் மக்கிக் கிடந்தன.

தம்பி மனைவி டிராக்டர் சக்கரத்தின் நிழலில் நின்றிருந்தாள். என்னை நங்கையா என்பாள். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வாங்க நங்கையா. நீங்களாச்சும் சொல்லுங்க. நான் சொன்னா எம்பேச்சு கோழி கத்தறாப்பல இருக்குதுங்க இவுருக்கு."

"கோழி கத்துனா நான் கேப்பனே," என்றான் தம்பி. "அதுக்குத் தண்ணி வேணும்னுதான எறங்கறேன்."

"கெட்ட காத்து இருக்கான்னு பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாக்காம எறங்குவனா? அப்பா சொன்ன மொறப்படி வெளக்கு எறக்கிப் பாத்தாச்சு. அடி வரைக்கும் போச்சு. அணையல."

எனக்கு நிம்மதியாக இருந்தது. முறை என்று ஒன்று இருக்கிறது, அதை அவன் செய்திருக்கிறான். விளக்கு இறக்கப்பட்டது, அணையவில்லை, இறங்க ஆட்சேபணை இல்லை. மனதுக்குள் நான் கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டுவிட்டேன். பையிலிருந்து பாட்டிலை எடுத்தபடி, "நல்ல காத்துன்னா எனக்கு இதுல வேலை இல்லையே," என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடுகூடச் சொன்னேன். "எந்த வெளக்கு?"

அவன் வாளியைக் காட்டினான். பழைய பெயின்ட் வாளி. அதற்குள் பாலிதீன் பையில் சுற்றி, டார்ச் எரிந்தபடி அவனுடைய செல்போன் இருந்தது.

"இப்ப யாரு ஊட்டுல அரிக்கேன் வெளக்கு இருக்குது? ரேசன்ல சீமெண்ணையே நின்னு போச்சு," என்றான். "இது அதவிட வெளிச்சம். அடில மோட்டார் கெடக்கறதுகூடத் தெரியுது, பாரு." சொல்லிக்கொண்டே ஒரு காலைத் தூக்கிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டான்.

அவனை முட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. கோழிகளுக்கு எந்தத் தீவனத்தில் எது எவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அப்பா விளக்கை இறக்கச் சொன்னார், இவன் இறக்கினான். விளக்கு எதற்கு என்று அப்பா சொல்லவில்லை, அல்லது சொன்னது மறந்துவிட்டது. முறை மட்டும் மிச்சமிருந்து, காலத்துக்கேற்பக் கொஞ்சம் நவீனமாகவும் ஆகிவிட்டது. எங்கள் அலுவலகத்தில் நாங்கள் செய்ததும் முக்கால்வாசி இதுதான்.

நான் மட்டும் என்ன? ஒரு வாரமாக அந்த உப்புச் சன்னல் குழாயைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்திருக்காவிட்டால் எனக்கும் உறைத்திருக்காது. கரியமில வாயுவுக்கு வெளிச்சத்தோடு தகராறு இல்லை. அந்தக் கிணறு விளிம்பு வரைக்கும் அந்த வாயுவால் நிரம்பியிருந்தாலும் டார்ச் வெளிச்சம் அடி வரைக்கும் போகும், மோட்டார் தெளிவாகத் தெரியும்.

"காலை எடு இந்தப் பக்கம்," என்றேன்.

"ஏக்கா?"

"அது வெளக்கு இல்லடா. அது மூச்சு விடாது. நெருப்பு வேணும். நம்மளைப் போலக் காத்தைத் தின்னு எரியறது வேணும்."

"ஆரம்பிச்சுட்டியா? மாடில பாட்டல் வெச்சுப் பாத்து என்னத்தக் கண்டே, இங்க வந்து எனக்குப் பாடம் எடுக்கறே?"

எனக்குக் கிணற்றுச் சாவுக் கோப்புகள் ஞாபகத்துக்கு வந்தன. என் மேசைக்கு வந்தவை பல. பிரேத விசாரணை, பரிசோதனை அறிக்கை, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, வாரிசுச் சான்று, நிவாரணப் பரிந்துரை. எது முதலில், எது பின்னால், எதற்கு எத்தனை நகல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்தக் கோப்புகளில் ஒரு பெயர் இருப்பது அபூர்வம். இரண்டு இருக்கும், சமயத்தில் மூன்றும் இருக்கும். முதலில் இறங்கியவர் குரல் கொடுக்கவில்லை என்று அடுத்தவர் இறங்குவார், அவரைத் தேடி மூன்றாமவர். இந்த நடைமுறை எல்லாம் அவர்கள் செத்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய கால் மணி நேரத்துக்கு எங்கள் துறையில் ஒரு வரிகூடக் கிடையாது.

தம்பி இறங்கிக் குரல் கொடுக்காவிட்டால் அடுத்தது யார் இறங்குவார் என்று பார்த்தேன். அவன் மனைவி சேலையை ஏற்கெனவே இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

"அம்மிணி, சாமி ரூம்ல அகல் இருக்குமில்ல? தீப்பெட்டியோட எடுத்துட்டு வா," என்றேன்.

"சாமி வெளக்கக் கெணத்துல எறக்குவாங்களா?" என்று தம்பி கத்தினான்.

"நீங்க எறங்கறதுக்கு அது எறங்கட்டுமுங்க," என்றபடி அவள் ஓடினாள்.

அகலில் எண்ணெயை நிறைய ஊற்றித் திரியைக் கொழுத்ததாகப் போட்டுக் கொண்டுவந்தாள். செல்போனை எடுத்துவிட்டு வாளிக்குள் அகலை வைத்தோம். ஆழமான வாளி, மேல் காற்றுப் படாது. நானே கயிற்றை விட்டேன். கற்கட்டைத் தாண்டிச் சுடர் ஆடாமல் போனது. பாறையில் போனது. அரசங்கன்றின் பக்கத்தில் போனபோது குனிந்து படுப்பதுபோல ஒரு தடவை நீண்டது. அவ்வளவுதான். யாரோ விரலால் நசுக்கியதைப்போல அணைந்தது. புகைகூட மேலே வரவில்லை.

மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தோம். பிறகு தம்பிதான், "காத்துக்கு அணஞ்சிருக்கும்," என்றான்.

"காத்து அடிக்கற எடத்துல எரிஞ்சுட்டுப் போச்சு. காத்தே இல்லாத எடத்துல அணைஞ்சுது. எப்படி?"

"கவுறு ஆடுனதுல அணஞ்சிருக்கும். இங்க கொண்டா."

கயிற்றை அவனே வாங்கி வாளியை மேலே இழுத்தான். பெரிய அதிகாரியின் தணிக்கைபோல எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே பார்க்க வேண்டும் அவனுக்கு. அது நல்ல குணம்தான். சமயத்தில் நமக்குத்தான் கோபம் வரும். வாளி சுவர்மேல் வந்து உட்கார்ந்ததும் அவன் மனைவி தீக்குச்சியைக் கிழித்து, திரியைப் பற்றவைக்க வாளிக்குள் கையை விட்டாள். குச்சி அணைந்தது. இன்னொன்று கிழித்து உள்ளே கொண்டுபோனாள். வாளியின் விளிம்புக்குக் கீழே போனதும் அதுவும் அணைந்தது. வெளியே ஒரு குச்சியைக் கிழித்துப் பிடித்தாள். கடைசி வரைக்கும் எரிந்து விரலைச் சுட்டது.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "வாளிக்குள்ள வந்திருக்குதுங்க அது."

தம்பி வாளியைப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. அகல், எண்ணெய், கரிந்த திரி, வெயில். நிறமில்லை, நாற்றமில்லை. அவன் தீப்பெட்டியை வாங்கித் தானே ஒரு குச்சியைக் கிழித்து இறக்கினான். அணைந்தது. அகலை வெளியே எடுத்து வைத்து, வாளியைக் கவிழ்த்து உதறிவிட்டு மறுபடி ஒரு குச்சி. இந்த முறை எரிந்தது. தண்ணீரைக் கொட்டுவதுபோல அவன் கொட்டியது எதுவும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அவன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தான். முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. அவிழ்த்ததும் டிராக்டரின் படியில் உட்கார்ந்தான்.

"கோழிக்குத் தண்ணின்னு எறங்கி, கருமாதிச் சோத்துக்கு எங்களக் கோழி அடிக்க வெச்சிருப்பீங்க," என்றாள் அவன் மனைவி. சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கருமாதிக்குக் கோழி அடிக்க மாட்டாங்க," என்றான் தம்பி. அவனால் அந்த நேரத்துக்குச் சொல்ல முடிந்தது அதுதான்.

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லலாம், சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு இறங்குவார்கள், யாருக்கு எப்படித் தகவல் கொடுப்பது என்று எனக்குத் தெரியும் என்றேன். ஊரே வந்து வேடிக்கை பார்க்கும் என்று அவன் தயங்கினான். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் தெளிந்து, "எறங்காமயே எடுத்தா என்னக்கா?" என்றான். வாளி கிணற்றில் விழுந்தால் பாதாளக் கரண்டி போட்டு எடுப்பதில்லையா? நாலைந்து கொக்கிகள் வைத்த அந்த இரும்பையே மோட்டார் கனத்துக்குப் பெரிதாகச் செய்தால்? நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையில் அவனுக்குப் பழக்கம் உண்டு. வண்டியை எடுத்துக்கொண்டு போனான். மாலைக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு பாதாளக் கரண்டியோடு திரும்பி வந்தான். அதற்குப் பச்சை வர்ணம் வேறு அடித்து வாங்கியிருந்தான். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபடி, டிராக்டரால் இழுத்து, பல தடவை நழுவவிட்டு, கடைசியில் கணவனும் மனைவியுமாக மோட்டாரை எடுத்துவிட்டார்கள். அந்த வேலைக்கு டார்ச் வெளிச்சம் உண்மையிலேயே உதவியது. அதையும் சொல்ல வேண்டும்.

அவன் பட்டறைக்குப் போயிருந்த நேரத்தில் நானும் அவன் மனைவியும் என் காரியத்தை முடித்தோம். பாட்டில் நிறையத் தண்ணீரை ஊற்றி, கழுத்தில் ஒரு கயிறும் அடியில் ஒரு கயிறும் கட்டி, அரசங்கன்றுக்குக் கீழே வரைக்கும் இறக்கினோம். அடிக் கயிற்றை இழுத்ததும் பாட்டில் கவிழ்ந்து தண்ணீர் கொட்டியது; அந்த இடத்துக் காற்று உள்ளே போயிருக்கும். தூக்கியதும் மூடியைப் போட்டு அழுத்தினேன். "இதையா சேலத்துக்குக் கொண்டுட்டுப் போறீங்க?" என்று அவள் பாட்டிலைத் தள்ளி நின்றே பார்த்தாள். "பஸ்ஸுல கீழ வெச்சுட்டுப் போங்க நங்கையா. மடில வெக்க வேண்டாம்."

சேலத்தில் மாடியில் வைத்துப் பார்த்தேன். கிணற்றுக் காற்று ஒரு பாட்டிலில், மாடிக் காற்று ஒன்றில். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நின்றன. ஒரு சமயம் கிணற்றுப் பாட்டில் அரைக் கோடு மேலே போல் இருந்தது; இடம் மாற்றினால் இல்லை. சோடா கம்பெனி வாயு போல இது சுத்தமான வாயு இல்லை, காற்றோடு கலந்தது. பாட்டிலும் சின்னது, என் கண்ணும் பழையது. பிரமாணம் செய்து சொல்லும் அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு மனிதனைக் கொல்லப் போதுமான காற்று என் வெப்பமானியை ஒரு கோடுகூட ஏற்றவில்லை என்பதையும் எழுதிக்கொண்டேன். பாட்டில் அளவில் பார்த்தால் இப்படி. வானத்தின் உயரத்துக்கு அடுக்கிப் பார்த்தால் வேறு. அதைப் பாட்டிலில் பார்க்க முடியாது, கணக்குத்தான் போட வேண்டும்.

அந்தக் கணக்கையும் ஒருவர் போட்டிருக்கிறார். வடக்கே பனி கொட்டும் நாட்டுக்காரர், அதே நூற்றாண்டின் கடைசியில். கணினி ஏது? உட்கார்ந்து கையாலேயே மாதக்கணக்கில் போட்டாராம். நிலக்கரி எரித்து எரித்து வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று கிட்டத்தட்டச் சரியான திசையில் சொல்லிவிட்டார். ஆனால் அது நல்லது என்று நினைத்தார். குளிர் குறையும், விளைச்சல் பெருகும், வருங்காலத்தவர் சுகமாக இருப்பார்கள் என்று. அவரைச் சித்திரையில் சேலத்துக்கு மாற்றலில் போட்டிருக்க வேண்டும். ஒரே வாரத்தில் திருத்திய அறிக்கை வந்திருக்கும்.

தம்பி நான் சொன்ன எதையும் இன்னும் முழுதாக நம்பவில்லை. வெயிலுக்கும் கெணத்துக் காத்துக்கும் முடிச்சுப் போடாதே என்கிறான். ஆனால் கிணற்றைத் தகரம் போட்டு மூடுவதை விட்டுவிட்டான்; கம்பி வலை போட்டிருக்கிறான். உள்ளே கிடந்த மட்டைகளைப் பாதாளக் கரண்டியால் கிளறி எடுத்துவிட்டான். வலையில் ஒரு சின்னக் கதவு வைத்து, அதன் வழியாகத் தினமும் விளக்கை இறக்கிப் பார்க்கிறான். எதற்கு என்று கேட்டால் சும்மா என்கிறான். பார்த்துவிட்டு எனக்குத் தொலைபேசி செய்கிறான்.

நேற்றும் கூப்பிட்டான். "ஏக்கா, ஒண்ணு கவனிச்சேன். வானம் மூட்டம் போட்டு மழை வாராப்பல இருந்தா அது மேல ஏறி வருது. இன்னிக்கு அரசங்கன்னுக்கு மேலயே அணஞ்சுபோச்சு. வானம் தெளிஞ்சா கீழ போயிருது. ஏன்?"

காற்றழுத்தம் குறையும்போது பாறை இடுக்குகளில் இருக்கும் காற்று வெளியே வரும் என்று எங்கோ படித்த ஞாபகம். ஆனால் உறுதியில்லாமல் சொல்ல எனக்குப் பிடிக்காது. "தெரியல. பாத்துச் சொல்றேன்," என்றேன்.

"உனக்கே தெரியலயா?" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். "அப்ப இன்னும் கொஞ்ச நாளைக்கு எறக்கிப் பாக்கறேன்."

பின்னாலிருந்து அவன் மனைவியின் குரல் கேட்டது. "நங்கையா, எண்ணெய் கேன் பாதி காலிங்க. உங்க தம்பி தெனமும் கெணத்துக்குத்தான் வெளக்கு வெக்கறாரு. சாமிக்கு வெக்கறதில்ல."

"அவுளுக்கு என்ன தெரியும்?" என்றான் தம்பி. "சாமி வெளக்கு எரிஞ்சுட்டே இருக்கும். இது எறக்குனா அணஞ்சிரும். மறுபடி பத்த வெச்சுப் பாக்கணும்."